பிரியானா ஸ்கரியின் ஆட்ட வாழ்க்கையை முழுமையாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் கால்பந்து உலகக் கோப்பையின் வரலாறு குறித்துத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஆண்கள் ஆட்டத்துக்கே இடம் போதாத பக்கத்தில் பெண்கள் ஆட்டத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆயினும் 1999-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைப் பற்றிய பகுதியில், கடைசி பெனால்டியைக் கோலாக்கிவிட்டுப் புல்தரையில் முழங்காலிட்ட பிராண்டி சாஸ்டெயினின் புகழ்பெற்ற படத்தை வெளியிட்ட கட்டுரையாளர், அந்தப் பெனால்டியை வெற்றிப் பெனால்டியாக ஆக்கிக் கொடுத்த அமெரிக்கக் கோல் கீப்பரின் பெயரைக் குறிப்பிடாமலே கடந்துவிட்டார். அவர் பெயர் பிரியானா ஸ்கரி. அமெரிக்காவிலும் அந்த நாளைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டு வந்துள்ளன என்பதால் கட்டுரையாளரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கரியின் ஆட்ட வாழ்க்கையை, குறிப்பாக அது முடிந்த விதத்தை, தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணி வருபவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் இருந்தால் வெளியிடக் கோருகிறேன்.

முதலில் அந்த ஆட்டம். 1999 ஜூலை 10, கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரிலுள்ள ரோஸ் பவுல் மைதானம், பார்வையாளர்கள் 90,185 பேர். பெண்கள் விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு அதுவரை அத்தனை பெருங்கூட்டம் கூடியதில்லை. அமெரிக்காவும் சீனாவும் கூடுதல் நேரத்தையும் சேர்த்து 120 நிமிடங்கள் ஆடியும் ஒரு கோல் கூட விழவில்லை. பெனால்டி ஷூட்-அவுட்டில் இரு அணியினரும் முதல் இரண்டு வாய்ப்புகளையும் கோலாக்கினர். சீனாவின் மூன்றாவது பெனால்டியை அடிக்க வந்தவர் லியூ யிங். பந்தை அடிக்க வருபவரை ஏறிட்டுப் பார்க்கும் வழக்கம் தமக்கு இல்லை என்றும், அன்று மட்டும் பார்த்ததாகவும், அந்தப் பார்வையிலேயே இதைத் தடுத்துவிடலாம் என்று மனத்தில் உறுதி பிறந்ததாகவும் ஸ்கரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். இடப்பக்கம் பாய்ந்து இரு கைகளாலும் பந்தைத் தள்ளினார். அதன் பின் இரு அணியினரும் ஒன்றையும் தவறவிடவில்லை. ஐந்துக்கு நான்கு என்று அமெரிக்கா வென்றது. அந்த ஒரு தடுப்பு இல்லாதிருந்தால் சாஸ்டெயினின் பெனால்டி, ஆட்டத்தை ஆறாவது சுற்றுக்குக் கொண்டு செல்லும் சமன் கோலாக மட்டுமே இருந்திருக்கும்.

அந்தத் தடுப்பின்போது ஸ்கரி கோல் கோட்டை விட்டு முன்னேறி வந்தார் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. ஒளிப்பதிவைப் பார்ப்பவர் எவரும் அதை மறுக்க முடியாது. கோட்டின் மீதே நிற்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆனால் நடுவர்கள் அதைக் கண்டிப்புடன் அமல்படுத்தாத காலம் அது, பெரும்பாலான கோல் கீப்பர்கள் அப்படித்தான் முன்னேறினர். என் பார்வையில் அது விதிமீறல்தான். அதே நேரத்தில், அன்று நடுவர் அனுமதித்த எல்லைக்குள் ஆடிய ஆட்டமும்தான். அதற்காக, அந்தப் போட்டித் தொடர் முழுவதும் அவர் காட்டிய திறமையை, சிறப்பாக அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக அவர் தடுத்த ஷாட்களை, தள்ளிவைப்பது நியாயமாகாது.

ஸ்கரி 1971 செப்டம்பர் 7 அன்று மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அதற்கு அடுத்த ஆண்டுதான், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற சட்டப்பிரிவு அமெரிக்காவில் நிறைவேறியது. டைட்டில் ஒன்பது என்று அழைக்கப்படும் அந்தச் சட்டம் இல்லாமல், பள்ளி அணியும் பல்கலைக்கழக உதவித்தொகையும் அவர் தலைமுறைப் பெண்களுக்குக் கிடைத்திருக்காது. டேட்டன் என்ற சிற்றூரில், கறுப்பினக் குடும்பங்களே அரிதான சூழலில் வளர்ந்த அவர், முதலில் சேர்ந்தது ஆண்பிள்ளைகளின் அணியில். பெண் பிள்ளைக்கு அடிபடக் கூடாது என்று எண்ணிய பயிற்சியாளர், பாதுகாப்பான இடம் என்று கருதி அவரைக் கோல் முன்னே நிறுத்தினாராம். அந்தக் கணிப்பு எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர் பார்ப்போம். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடி, 1994-இல் தேசிய அணிக்குள் நுழைந்து, அன்று முதல் 2008 வரை 173 சர்வதேசப் போட்டிகளில் அவர் ஆடினார். நான்கு உலகக் கோப்பைகளில் பங்கேற்றார். 1996 அட்லாண்டாவிலும் 2004 ஏதென்ஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

இந்த வெற்றிப் பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்கும் என்பதால் அதில் நான் தங்கப் போவதில்லை. பட்டியலில் இடம்பெறாத இரண்டு செய்திகளை மட்டும் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, 1996 ஒலிம்பிக்கிற்கு முன் ஊக்கத்தொகை தொடர்பாகக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் வீராங்கனைகளுக்கும் தகராறு எழுந்தது. தங்கம் வென்றால் மட்டுமே ஊக்கத்தொகை என்ற ஏற்பாட்டை ஏற்காமல், 1995-இன் இறுதியில் பயிற்சி முகாமுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒன்பது பேரில் ஸ்கரியும் ஒருவர். மியா ஹாம், மிஷேல் ஏக்கர்ஸ் போன்ற பெரும் பெயர்களுக்கு இருந்த விளம்பர வருமானம் அவருக்கு இல்லை. இழப்பதற்கு அவருக்கு நிறையவே இருந்தது. இரண்டாவது, 1999-இன் கொண்டாட்டத்துக்குப் பின் அவர் காயத்தாலும் உடற்பயிற்சிக் குறைவாலும் தம் இடத்தை இழந்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மாற்று வீராங்கனையாக உட்கார்ந்திருந்தார். உலகக் கோப்பை வென்ற கோல் கீப்பர் ஓராண்டில் மாற்று இருக்கைக்குச் செல்வதும், அங்கிருந்து உடலைச் சீர்படுத்தி மீண்டு வந்து 2003 உலகக் கோப்பையிலும் 2004 ஒலிம்பிக்கிலும் முதல் தேர்வாக நிற்பதும் எளிய செயல் அல்ல. எனக்கு அந்தப் பெனால்டித் தடுப்பைவிட இந்த மீட்சியே பெரிதாகத் தோன்றுகிறது.

2007-இல் நடந்ததையும் குறிப்பிட்டாக வேண்டும். சீனாவில் நடந்த உலகக் கோப்பையின் அரையிறுதியில், தொடர் முழுவதும் நன்றாக ஆடிவந்த கோல் கீப்பர் ஹோப் சோலோவை நீக்கிவிட்டு, மாதக்கணக்கில் முழு ஆட்டம் எதுவும் ஆடியிராத ஸ்கரியை பிரேசிலுக்கு எதிராகக் களமிறக்கினார் பயிற்சியாளர் கிரெக் ரயன். அமெரிக்க வீராங்கனை ஒருவர் முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார், சொந்த வலைக்குள்ளும் ஒரு கோல் விழுந்தது, பிரேசிலின் நட்சத்திர வீராங்கனை மார்த்தா தம் உச்சத்தில் இருந்தார். 4-0 என்று அமெரிக்கா தோற்றது. தாம் களத்தில் இருந்திருந்தால் அந்தக் கோல்களைத் தடுத்திருப்பேன் என்று சோலோ வெளிப்படையாகப் பேசினார். முடிவெடுத்தவர் பயிற்சியாளர், ஆனால் பழியின் பெரும்பகுதி ஸ்கரியின் மீது விழுந்தது. அதை அவர் சகிப்புடன் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு மேல் அந்தச் சர்ச்சையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இனி, நான் இக்கடிதத்தை எழுதுவதற்கான முதன்மைக் காரணத்துக்கு வருகிறேன்.

2010 ஏப்ரல் 25. அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.பி.எஸ்.-இல் வாஷிங்டன் ஃப்ரீடம் அணிக்காக, ஃபிலடெல்ஃபியா இண்டிபெண்டன்ஸ் அணிக்கு எதிராக ஸ்கரி ஆடிக்கொண்டிருந்தார். வயது 38. தாழ்வாக வந்த பந்தை எடுக்கக் குனிந்தபோது, பக்கவாட்டிலிருந்து ஓடிவந்த எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவருடைய வலது நெற்றிப்பொட்டில் மோதியது. ரத்தம் இல்லை, எலும்பு முறிவு இல்லை, தூக்குப் படுக்கையும் வரவில்லை. எழுந்து நின்றார், ஆட்டம் தொடர்ந்தது. ஓடிவரும் வீராங்கனைகளின் சட்டையிலிருந்த எண்களும் பெயர்களும் கலங்கித் தெரிந்தன. பந்து எங்கே என்று கணிப்பதே கடினமாயிற்று. அப்படியே பாதி நேரம் வரை அவர் கோல் முன்னே நின்றார். இடைவேளையில் மைதானத்தை விட்டு வெளியேறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். அணியின் உடல்நலப் பயிற்சியாளர் நலமா என்று கேட்டபோது, இல்லை என்றார். அதற்குப் பின் அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை.

கன்கஷன் என்று மருத்துவர்கள் சொல்லும் மூளை அதிர்வு பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஸ்கரிக்குத் தணியவில்லை. நாள் முழுவதும் விடாத தலைவலி, ஒளியையும் ஒலியையும் தாங்க முடியாமை, தடுமாற்றம், மறதி, அவற்றோடு மனச்சோர்வு. அடுத்த ஆண்டு ஒரு மகளிர் அணியின் பொது மேலாளராகப் பொறுப்பேற்றும் அவரால் அதில் நீடிக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் வேலை செய்யவே இயலாத நிலை வந்தது. பணியிடக் காயத்துக்கான இழப்பீட்டுக் காப்பீடு இருந்தது. ஆனால் மருத்துவர்கள் பரிந்துரைத்த சிகிச்சைகளுக்கு ஒப்புதல் கிடைக்காமல் இழுத்தடிக்கப்பட்டது. ஸ்கேன் படத்தில் தெரியாத காயம் என்பதால், காயப்பட்டவர் தம் வலியைத் தாமே நிரூபிக்க வேண்டிய நிலை. கையிருப்பு கரைந்தபோது, தம் இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் அடகு வைத்து 18,000 டாலர் பெற்றார். நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபால்ஸ் என்ற ஊரில் தனியே வசித்தபோது, அருகிலிருந்த நீர்வீழ்ச்சியின் விளிம்பில் நின்று உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணியதாகவும், தாயாரின் நினைவே தம்மைத் திருப்பி அனுப்பியதாகவும் அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தொண்ணூறாயிரம் பேர் பெயர் சொல்லி ஆரவாரித்த ஒருவருக்கு, பதினான்கு ஆண்டுகள்கூட முழுமையாகக் கழிவதற்குள் நேர்ந்தது இது.

இந்த நிலைக்கு அவருடைய தனிப்பட்ட துரதிர்ஷ்டத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அவர் ஆடிய லீக்குகளின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1999-இன் வெற்றிக்குப் பின் 2001-இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.யு.எஸ்.ஏ. என்ற தொழில்முறை லீக்கின் நிறுவன வீராங்கனைகளில் ஸ்கரியும் ஒருவர். அட்லாண்டா பீட் அணிக்காக ஆடினார். சுமார் 10 கோடி டாலரை மூன்றே பருவங்களில் விழுங்கிவிட்டு, 2003 உலகக் கோப்பை தொடங்குவதற்கு ஐந்து நாட்கள் முன்னர் அந்த லீக் மூடப்பட்டது. தாய்நாட்டுக்காக உலகக் கோப்பையில் இறங்கப்போகும் வீராங்கனைகளுக்கு, அது முடிந்ததும் திரும்பிச் செல்ல வேலை இல்லை என்ற செய்தி அப்போது கிடைத்தது. அடுத்து வந்த டபிள்யூ.பி.எஸ். 2009-இல் தொடங்கி, மூன்று பருவங்களுக்குப் பின் 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஸ்கரி காயப்பட்டபோது ஆடிய வாஷிங்டன் ஃப்ரீடம் அணியோ அந்தப் பருவம் முடிந்ததும் கைமாறி, பெயர் மாறி, ஃப்ளோரிடாவுக்கு இடம் பெயர்ந்துவிட்டது. ஆக, அவர் சிகிச்சைக்காகப் போராடிய ஆண்டுகளில் அவர் ஆடிய அணியும் இல்லை, லீக்கும் இல்லை; எஞ்சியிருந்தது ஒரு காப்பீட்டுக் கோப்பு மட்டுமே. ஒரு தொழிற்சாலை மூடப்பட்டாலும் அதில் கையிழந்த தொழிலாளிக்கு உரிய நியாயம் மூடப்படுவதில்லை என்று நாம் கருதுகிறோம். விளையாட்டு வீராங்கனையையும் அப்படியொரு தொழிலாளியாகக் காண நமக்கு இன்னும் மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கோப்பு நகர்ந்ததற்கு ஒரு தனிமனிதரின் முயற்சி காரணமாக இருந்தது. வாஷிங்டனில் பொதுத்தொடர்பு நிறுவனம் நடத்திவந்த கிறிஸ்ஸா சைசோஸ், ஸ்கரியின் நிலையை ஊடகங்களின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். அதன் பின்னரே சிகிச்சைக்கு ஒப்புதல் வந்தது, அடகிலிருந்த பதக்கங்களும் மீட்கப்பட்டன. பின்னாளில் அவரையே ஸ்கரி திருமணம் செய்துகொண்டார். 2013 அக்டோபரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில், தலையின் பின்புறத்தில் சேதமடைந்திருந்த நரம்புகளை விடுவிக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றரை ஆண்டுகள் விடாதிருந்த தலைவலி அதற்குப் பின்னரே அகன்றது. யோசித்துப் பாருங்கள்: நோய்க்குக் காரணம் கண்டறியக் கூடியதாகவும், தீர்வு இருக்கக் கூடியதாகவும் இருந்தும், அத்தனை காலம் வீணானது. உலகப் புகழ் பெற்றவருக்கே ஊடக அழுத்தம் தேவைப்பட்டது என்றால், அதே லீக்கில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடிய, யாரும் பெயர் அறியாத வீராங்கனைகள் தலையில் அடிபட்டு என்ன ஆனார்கள் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

ஸ்கரி அந்தக் கேள்வியை மனத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அவருடைய பின்னாளைய பணிகளே சான்று. 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் தோன்றி, தமக்கு நேர்ந்ததைச் சொல்லி, இளையோர் விளையாட்டில் தலைக்காயம் பற்றிய விழிப்புணர்வுக்காகப் பேசினார். 2015-இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தலையால் பந்தை முட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அது பெற்றோரும் வீரர்களும் தொடுத்த வழக்கின் விளைவு என்றாலும், அப்படியொரு விதியைப் பொதுமக்கள் ஏற்கும் மனநிலையை உருவாக்கியதில் ஸ்கரி போன்றோரின் வெளிப்படையான பேச்சுக்குப் பங்குண்டு என்று நம்புகிறேன். 2017-இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மன்றத்துக்குத் தேர்வானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணும், முதல் பெண் கோல் கீப்பரும் அவரே. அடுத்த ஆண்டு வாஷிங்டன் ஸ்பிரிட் அணியின் துணைப் பயிற்சியாளராக மீண்டும் மைதானத்துக்கு வந்தார்.

அமெரிக்க மகளிர் கால்பந்தில் பிற்காலத்தில் நிலைமை மாறியிருப்பதை மறுக்கவில்லை. ஆண்களுக்கு இணையான ஊதியம் கோரித் தேசிய அணியினர் தொடுத்த வழக்கு 2022-இல் 2.4 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தற்போதைய லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல்.-இல் வீராங்கனைகளின் சங்கம் அதே ஆண்டு முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றது. சம ஊதியச் செய்தியை நம் நாளிதழ்களும் விரிவாக வெளியிட்டன, மகிழ்ச்சி. ஆனால் ஊதியம் என்பது ஆடும் நாட்களுக்கான கூலி மட்டும் அன்று. ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தைக் கடைசி வரை யார் பார்த்துக்கொள்வது, அணி கலைந்தால் அந்தப் பொறுப்பு யாரைச் சேரும், காயத்தின் தீவிரத்தை முடிவு செய்யும் மருத்துவர் யாருடைய ஆள் என்பன எல்லாம் அதில் அடங்கும். ஸ்கரியின் வாழ்க்கையை விட்டுவிட்டுச் சம ஊதியத்தைப் பற்றி எழுதினால் பாதிக் கணக்கே எழுதியதாகும்.

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் நம் ஊர் மைதானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். பள்ளி, மாவட்ட அளவிலான போட்டிகளில் கோல் கீப்பர் தலையில் அடிபட்டு விழுந்தால், முகத்தில் தண்ணீர் தெளித்து, நெற்றியைத் தேய்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, எழுந்திரு" என்று சொல்லி மீண்டும் கோல் முன்னே நிறுத்துவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தால் அல்ல. ரத்தம் வராவிட்டால் காயமில்லை என்ற நம்பிக்கையால். கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு மூளை அதிர்வு கூடுதலாக ஏற்படுவதாக ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. தலையில் அடிபட்ட சந்தேகம் எழுந்தாலே அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. வழக்கமான மாற்று வீரர் எண்ணிக்கையைப் பாதிக்காமல், மூளை அதிர்வுக்கென்றே தனி மாற்று வீரரை இறக்கும் ஏற்பாட்டையும் 2024 முதல் கால்பந்து விதிகள் அனுமதிக்கின்றன. பயிற்சியாளர்கள் பலருக்கும் பெற்றோருக்கும் இது தெரியாது. நாளிதழில் வந்தால் தெரியவரும்.

2027-இல் பிரேசிலில் மகளிர் உலகக் கோப்பை நடைபெறவிருக்கிறது. அதையொட்டித் தாங்கள் பழைய போட்டிகளைப் பற்றிய கட்டுரைகளை மீண்டும் வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்போது பிரியானா ஸ்கரிக்கு ஒரு தனிக் கட்டுரை ஒதுக்குமாறும், 1999 ஜூலை 10-ஐ எழுதும் அதே அளவு இடத்தை 2010 ஏப்ரல் 25-க்கும் அதற்குப் பின் வந்த மூன்றரை ஆண்டுகளுக்கும் கொடுக்குமாறும், அதே பக்கத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, மைதானத்தில் தலையில் அடிபட்ட பிள்ளையிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை எளிய தமிழில் ஒரு கட்டமாக வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மதுரை.